தாயமும் விசுவாசமும்

‘சுதந்தரம்’ என்னும் சொல்லுக்கு விவிலியத் தமிழில் ஒரு தனிப்பொருள் உண்டு. அரசியல் மேடைகளிலே விடுதலை என்ற பொருளில் முழங்கும் இச்சொல், திருமறையைத் தமிழாக்கிய பழைய ஆசிரியர் கையிலே, தந்தையின் உடைமை மக்களை வந்தடையும் உரிமையைக் குறித்தது. வாரிசு என்பவன் அந்நூலிலே ‘சுதந்தரவாளி’ ஆவான். நிலமும் சுதந்தரமே, பரலோகமும் சுதந்தரமே. ஒரே சொல்லுக்குள் பொருளையும் அருளையும் அடக்கிவைத்த அம்மொழிபெயர்ப்பு, தமிழ்க் கிறித்தவர் வரலாறு முழுவதிலும் ஓடும் ஒரு சிக்கலைத் தன்னையறியாமலே சுட்டிவிட்டது. பெற்றோர் மக்களுக்கு விட்டுச்செல்ல விரும்பியவை இரண்டு. ஒன்று சொத்து, மற்றொன்று சமயநெறி. இவ்விரண்டும் ஒரே வழியிற் சென்றனவா என்பது ஆராய்தற்குரியது.

தஞ்சையிலிருந்து தொடங்குதல் பொருந்தும். 1750ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய செருமானியப் பாதிரியார் சுவார்ட்சு, 1798ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் நாள் தஞ்சையில் மறைந்தார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. படையினருக்குக் குருவாக இருந்து பெற்ற ஊதியத்திலே தமக்கெனச் செலவிட்டது மிகச் சிறிது. எஞ்சியதைத் தம் மரண சாசனத்தால் திருப்பணிக்கே வைத்துச் சென்றார். ஆயினும், மக்கள் இல்லாத அவர் வளர்த்த பிள்ளைகள் மூவரை வரலாறு அறியும். ஒருவர் அரசிளங்குமரர் சரபோசி. துளசா மன்னர் தம் முடிவுக்காலத்தில் அப்பிள்ளையைச் சுவார்ட்சின் பாதுகாப்பில் ஒப்படைத்தார். மற்றொருவர் யோவான் கஸ்பார் கோலாப். மூன்றாமவர், திருநெல்வேலியிலிருந்து பன்னிரண்டு வயதில் அவரோடு தஞ்சைக்கு வந்த வேதநாயகம். பின்னாளில் வேதநாயக சாஸ்திரியார் எனப் புகழ்பெற்றவர்.

இம்மூவர்க்கும் கிடைத்தது ஒரே வளர்ப்பு. விளைந்த பயன் வெவ்வேறு. சரபோசி சைவராகவே வாழ்ந்து, தம் ஆசானுக்குச் சலவைக்கல்லில் நினைவுச்சின்னம் எழுப்பினார். சரசுவதி மகால் நூலகத்தை வளம்படுத்திய அம்மன்னரிடத்தில் சுவார்ட்சின் கல்வி தங்கிற்று, சமயம் தங்கவில்லை. கோலாப் குடும்பத்திலோ சமயப்பணி தாயமாகவே இறங்கிற்று. தந்தையார் 1737இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். மகன் தஞ்சையில் உழைத்தவர். பேரர் 1881இல் மறைந்தவர். மூன்று தலைமுறை ஒரே நாட்டில், ஒரே பணியில் நின்றது. வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் பாட்டு. ‘பெத்லகேம் குறவஞ்சி’ முதலாக அவர் இயற்றியவற்றைக் கதாகாலட்சேபமாக ஊர்தோறும் பாடும் உரிமையும், ‘சுவிசேடக் கவிராயர்’ என்னும் பட்டமும் அவர் வழியினரிடம் தலைமுறை தலைமுறையாக நின்றன. நிலத்துக்குப் பட்டா இருப்பதுபோலப் பாட்டுக்கும் ஒரு குடும்பப் பட்டா இருந்தது எனலாம்.

திருநெல்வேலிச் சீமையில் நிலைமை வேறு. அங்கே முதற் சபைக்கு வித்திட்டவர் தஞ்சை மராட்டிய அந்தணக் கைம்பெண்ணாகிய குளோரிந்தா அம்மையார். 1778இல் சுவார்ட்சிடம் திருமுழுக்குப் பெற்ற இவர், பாளையங்கோட்டையில் எழுப்பிய கோயில் 1785இல் படைக்கப்பெற்றது. இன்றும் மக்கள் அதனைப் ‘பாப்பாத்தியம்மாள் கோயில்’ என்றே வழங்குவர். 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள், முதற்பெயர் இவருடையது. கணவன்வழிச் சொத்துக்கு உரிமை நாடமுடியாத ஒரு கைம்பெண், ஒரு சபைக்கே தாயாக நின்ற செய்தி, பின்னே சொல்லப்போகும் பெண்கள் உரிமைச் செய்தியோடு ஒப்புநோக்கத்தக்கது.

அவருக்குப்பின் சமயம் மாறியோர் பெரும்பாலும் பனைத்தொழிலாளர். அவர்களிடம் இருந்த சொத்துப் பனைமரமும் கருப்பட்டி காய்ச்சும் விடிலியுமே. அவற்றிலும் மரம் பலருக்குச் சொந்தமில்லை. சமயம் மாறியவுடன் குடியிருந்த மண்ணே காலின்கீழிருந்து நழுவிற்று. இதனாலேதான் நிலம் வாங்கிப் புதிய ஊர் அமைக்கும் வழக்கம் பிறந்தது. தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியாரின் முயற்சியால் 1799இல் எழுந்த ஊருக்கு ‘முதலூர்’ என்றே பெயர். பின்னர் 1814இல் சாயர்புரம், 1827இல் தோனாவூர் என ஊர்கள் பெருகின. தோனாவூரின் பெயரிலே, நிலத்துக்குப் பொருளுதவிய பிரசிய நாட்டுப் பிரபு தோனாவின் பெயர் நிற்கிறது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியசு பாதிரியார் 1830இல் தரும சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். துன்புறும் கிறித்தவர்க்கு வீடும் நிலமும் வாங்கித் தருவதே அதன் நோக்கம்.

இவ்வேற்பாட்டின் நுட்பம் கருதத்தக்கது. தனி மனிதன் இறந்தால் அவன் நிலம் பங்காகும். பங்கு பின்னும் பங்காகும். மூன்றாம் தலைமுறையில் ஒரு வரப்பு எஞ்சும். சங்கத்தின் நிலம் பங்காவதில்லை. ஊருணி போல எல்லார்க்கும் பொதுவாய் நிற்கும். கோயில், பள்ளிக்கூடம், கிணறு, கல்லறைத் தோட்டம் ஆகிய நான்கும் சூழ்ந்த ஓர் ஊரிலே பிறந்த குழந்தைக்குத் தந்தை ஒரு குழி நிலமும் விடாமற் போயினும், படிப்பு என்னும் தாயம் தவறாது கிட்டிற்று. தென்பாண்டிச் சீமையிலிருந்து ஆசிரியர்களும் எழுத்தர்களும் இலங்கை, மலாயா, பர்மா நாடுகளுக்குச் சென்ற வரலாற்றுக்கு அடிப்படை இப்பள்ளிகளே. இதில் குறையும் இல்லாமல் இல்லை. பாதிரியாரின் ஊரில் வாழ்வோன் பாதிரியாரின் குடியாகவே கருதப்பட்டான். நிலக்கிழாருக்குக் கைகட்டிய பழக்கம் வேறோர் இடத்துக்கு மாறிற்று என்று கூறுவாரும் உளர். அக்கூற்றை முற்றிலும் தள்ளிவிடுதல் இயலாது.

நிலமுடைய குடும்பங்களில் பிறந்து சமயம் மாறியோர்க்கு நேர்ந்த இடர் இன்னும் கொடிது. அக்காலத்து இந்துச் சட்டவழக்குப்படி, சாதியினின்றும் நீங்கியோன் குடும்பச் சொத்தில் உரிமை இழப்பான். மகன் திருமுழுக்குப் பெற்றான் என்றால் தந்தைக்கு அவன் இறந்தவனுக்கு ஒப்பு. வங்காளத்தில் 1832ஆம் ஆண்டு விதியொன்று இதற்கு ஓரளவு தடையிட்டது. 1850ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம் கும்பினியார் ஆண்ட நாடு முழுவதற்கும் அதனை விரித்தது. சமயத்தையோ சாதியையோ துறந்தமை காரணமாக எவருடைய சொத்துரிமையும் பறிபோகாது என்பது அதன் சாரம். சென்னையிலும் வங்காளத்திலும் இந்துப் பெருமக்கள் இதனை எதிர்த்து விண்ணப்பங்கள் விடுத்தனர். நீத்தார் கடன் செய்யாத மகன் தாயம் மட்டும் பெறுவது எங்ஙனம் என்பது அவர்தம் வாதம். பிண்டம் இடுபவனுக்கே பொருள் என்ற பழங்கொள்கையை நோக்கின், அவ்வாதத்திற்கு அதற்குரிய பொருத்தம் உண்டு. தாயத்தையும் சமயத்தையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தது அக்கொள்கை. 1850ஆம் ஆண்டுச் சட்டம் அக்கயிற்றை அறுத்தது.

ஆனால் முழுவதும் அறுத்துவிடவில்லை. மாறியவனுடைய உரிமையையே அச்சட்டம் காத்தது. அவன் பிள்ளைகளை அன்று. 1930இல் பிரிவி கவுன்சில் இதனைத் தெளிவுபடுத்தியது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவும், சமயம் மாறிய பின் ஒருவனுக்குப் பிறந்த மக்கள், வாரிசுரிமை திறக்கும் காலத்தில் இந்துக்களாக இருந்தாலன்றித் தம் இந்து உறவினர் சொத்தில் பங்கு பெறார் என்று விதித்தது.

இனி, தமிழ்க் கிறித்தவரின் தாய வரலாற்றில் நடுநாயகமாக நிற்கும் வழக்கொன்றைக் காணவேண்டும். மத்தேயு ஆபிரகாம் என்பவரின் முன்னோர் தமிழ்ப் பறையர் குலத்தினர், கத்தோலிக்கராக மாறியவர்கள். மத்தேயு பல்லாரியில் படைக்கலச் சாலையில் பணிபுரிந்து, பின்னர்ச் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்து, சாராயம் காய்ச்சும் குத்தகையால் பெரும் பொருள் ஈட்டினார். சார்லட் என்னும் ஆங்கில–போர்ச்சுகீசியக் கலப்பினப் பெண்ணை மணந்து, உடையிலும் உணவிலும் அவ்வினத்தார் போலவே வாழ்ந்தார். தம்பி பிரான்சிசு அவர் நிழலிலே வளர்ந்து தொழிலில் துணைநின்றார். 1842இல் மத்தேயு உயில் எழுதாமல் இறந்தார். தம்பியே தொழிலை நடத்திவந்தார். பிள்ளைகள் வளர்ந்தபின் பிணக்கு மூண்டது. சார்லட் அம்மையார், முழுச்சொத்தும் தமக்கும் தம் மக்களுக்கும் உரியதென்றார். தம்பியோ, ‘எங்கள் முன்னோர் இந்துக்கள், நாங்கள் பிரிவினையாகாத கூட்டுக்குடும்பம், பாதி எனக்கு’ என்ற கருத்துப்பட வழக்காடினார்.

இதன் வியப்பைச் சற்றே எண்ணிப் பார்த்தல் தகும். இருவரும் கிறித்தவர், ஒரே கோயிலில் வழிபடுவோர். சொத்து என்று வந்தவுடன் ஒருவர் தம்மை வழக்காற்றால் இந்து என்கிறார். மற்றவர் ஆங்கிலேயர்க்கு ஒப்பு என்கிறார். அவர் எந்த உடை உடுத்தார், யாரோடு உண்டார், எந்த முறையில் மணம் செய்தார் என்பதெல்லாம் நீதிமன்றத்தில் சான்றாக அலசப்பட்டன. பல்லாரியில் தொடங்கிய வழக்குச் சென்னைச் சதர் அதாலத்தைக் கடந்து இலண்டன் சென்றது. 1863ஆம் ஆண்டு சூன் திங்களில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. சமயம் மாறியவனை இந்துச் சட்டம் கட்டாயமாகப் பிணிப்பதில்லை. பழைய சட்டத்தையே தொடர அவன் விரும்பின் தொடரலாம், விடுக்க விரும்பின் விடுக்கலாம். அவன் எதனைத் தேர்ந்தான் என்பதை அவன் வாழ்க்கைமுறையே காட்டும் என்றது அத்தீர்ப்பு. மத்தேயு விடுத்தவர் என்று கொள்ளப்பட்டமையால், கூட்டுக்குடும்ப வாதம் நிலைக்கவில்லை. ஆனால் தொழிலிலே தம்பி கூட்டாளியாக உழைத்ததற்குரிய பங்கு ஒப்புக்கொள்ளப்பட்டது.

உடன்பிறந்தானிடமிருந்து சொத்தைப் பங்கிட்டுத் தரவேண்டும் என்று கேட்டவனுக்கு இயேசு பெருமான் மறுமொழி கூறிய நிகழ்ச்சி லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் உண்டு. பங்கிடும் நடுவராக இருக்க அவர் இசையவில்லை. பெருமான் ஏற்க மறுத்த அவ்வேலையைப் பிரிவி கவுன்சில் ஏற்றுக்கொண்டது என்று பல்லாரியில் எவரேனும் நகைத்திருப்பின், அது பொருந்தாத நகையன்று.

‘வாழ்க்கைமுறை காட்டும்’ என்ற விடை அறிவுக்கு இசைந்ததாயினும் நடைமுறைக்கு அரியது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வழக்கு நடத்த இயலுமா? இரண்டே ஆண்டுகளில், 1865ஆம் ஆண்டின் 10ஆம் சட்டமாகிய இந்திய வாரிசுரிமைச் சட்டம் வந்தது. இந்துக்கள், முசுலிம்கள், பௌத்தர்கள் அதனின்றும் விலக்கப்பட்டனர். கிறித்தவர் அதன்கீழ் வந்தனர். உயிலின்றி இறந்தவரின் மனைவிக்கு மூன்றிலொரு பங்கு. எஞ்சியது மக்களுக்குச் சமமாக. மகன், மகள் என்ற வேறுபாடு அதில் இல்லை. 1925ஆம் ஆண்டுச் சட்டம் இதனையே தொகுத்து மீண்டும் விதித்தது. இந்துப் பெண்மக்களுக்குத் தந்தையின் சொத்தில் மகனோடு ஒத்த வாரிசுரிமை 1956இலும், கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989இலும் இந்தியா முழுவதற்கும் 2005இலுமே வந்தன என்பதை நோக்கின், தமிழ்க் கிறித்தவப் பெண் ஏட்டளவில் எத்துணை முந்திவிட்டாள் என்பது விளங்கும்.

ஏட்டளவில் என்றே கூறவேண்டும். வீட்டளவில் நடந்தது வேறு. மகளுக்கு நகையும் சீதனமும் கொடுத்து மணமுடித்தால் அவள் கணக்குத் தீர்ந்தது. வீடும் விளையும் ஆண்மக்களுக்கு. சட்டம் தெரிந்த தந்தையாயின் மகளிடம் விடுதலைப் பத்திரம் ஒன்றில் கையொப்பம் வாங்கிவிடுவார். கோயிலில் ஆணும் பெண்ணும் தேவன்முன் சமம் என்று கேட்டவரே வீட்டிற்கு வந்து இதனைச் செய்தனர். எண்ணாகமத்தில் செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவர் மோசேயிடம் சென்று தந்தையின் நிலத்தைக் கேட்டுப் பெற்ற வரலாறு ஞாயிறு பள்ளிகளில் சொல்லப்படும் கதையே. அந்த ஐவருக்கும் உடன்பிறந்த ஆண் இல்லை என்ற குறிப்பை மட்டும் நம்மவர் நன்றாக நினைவில் வைத்துக்கொண்டனர்!

குமரி மாவட்டத்தில் இப்பூசல் நீதிமன்றம் ஏறிற்று. திருவிதாங்கூர் அரசு 1916இல் இயற்றிய கிறித்தவர் வாரிசுரிமைச் சட்டம், மகனுடைய பங்கில் நாலிலொன்று அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே மகளுக்கு என்றது. ஆண், பெண் இருபாலாரும் ஒப்பப் பங்கிடும் வழக்கமுடைய சில வட்டாரத்துக் கிறித்தவர்களுக்கு அச்சட்டமே விலக்களித்திருந்தது. ஆகவே பெண்ணுக்குப் பங்கு என்பது மேனாட்டார் புகுத்திய புதுமை என்று கூறுதல் பிழை. 1956இல் குமரி தமிழகத்தோடு இணைந்தபின், அப்பழைய சட்டம் உயிரோடிருக்கிறதா என்னும் ஐயம் எழுந்தது. சென்னை உயர்நீதிமன்றம் 1974இல் இல்லை என்றது. 1978இல் உண்டு என்றது. கோட்டயத்து ஆசிரியை மேரி ராய் தொடுத்த வழக்கில், 1986ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் முடிவுகட்டிற்று. 1951ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்தே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் அங்கும் செல்லும் என்பது தீர்ப்பு. வழக்காடியவர் ஒரு பள்ளியை நிறுவி நடத்தியவர் என்பது ஆசிரியர் உலகம் நினைவிற் கொள்ளவேண்டிய செய்தி.

யாழ்ப்பாணத்தில் கதை இன்னும் சுவையானது. டச்சு ஆளுநர் சைமன்சின் கட்டளைப்படி கிளாசு ஐசாக்சு தொகுத்த தேசவழமை, பன்னிரு முதலியாரின் ஒப்புதலோடு 1707இல் நிறைவேறிற்று. தந்தைவழி வரும் முதுசம், மகளுக்குரிய சீதனம், மணவாழ்வில் ஈட்டும் தேடியதேட்டம் என மூன்றாகச் சொத்தை அது வகுத்தது. சைவரும் கிறித்தவரும் ஒரே வழமைக்கு உட்பட்டனர். ஆகவே சமயம் மாறினாலும் தாயமுறை மாறவில்லை. ஆனால் அதே டச்சுக்காரர் வேறொரு பிழையையும் செய்தனர். பதவிக்கும் உரிமைக்கும் திருச்சபைப் பதிவேட்டை வாயிலாக்கினர். வீட்டில் சைவமும் ஏட்டில் கிறித்தவமுமாக ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தனர். 1796இல் டச்சு ஆட்சி அகன்றது. கட்டாயம் நீங்கியவுடன் அப்பெயரளவுக் கிறித்தவம் உதிர்ந்துபோயிற்று. திருநெல்வேலியில் சமயத்திற்காக நிலம் இழந்தோரின் சந்ததி நிலைத்தது. யாழ்ப்பாணத்தில் நிலத்திற்காகச் சமயம் ஏற்றோரின் சந்ததி நிலைக்கவில்லை.

பினாங்குத் தீவுக்கு வருவோம். 1786இல் குடியேற்றம் தொடங்கிய இத்தீவுக்கு 1807இல் அரச சாசனம் நீதிமன்றம் அளித்தது. அச்சாசனத்தின் வழியே ஆங்கிலச் சட்டம் இங்குப் புகுந்தது என்பதை 1858இல் பினாங்கு நீதிபதி பென்சன் மாக்சுவெல் உறுதிசெய்தார். 1670ஆம் ஆண்டின் ஆங்கிலப் பங்கீட்டு விதிப்படி மனைவிக்கு மூன்றிலொன்று, மக்களுக்கு எஞ்சியது ஒப்ப. எனவே, இங்கு வந்து பொருளீட்டி உயிலின்றி இறந்த ஒரு தமிழ்க் கிறித்தவரின் மகளுக்கு, சென்னை மாகாணத்திலிருந்த அவள் ஒன்றுவிட்ட தமக்கைக்கு முன்பே, சட்டம் சமபங்கு வைத்திருந்தது. மலேசியாவின் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டமும் ஆண், பெண் என்று பிரிப்பதில்லை. 1997இல் செய்த திருத்தம் இன்னும் ஒருபடி சென்றது. மனைவியோ கணவனோ நாலிலொரு பங்கு, மக்கள் பாதி, இறந்தவரின் பெற்றோர் உயிரோடிருப்பின் அவர்க்கு நாலிலொன்று. தாய் தந்தையரைக் கனம்பண்ணும் கட்டளை, சட்டப் புத்தகத்தில் கணக்காக ஏறியது இங்ஙனம்.

கோயிலுக்குப் பொருள் வைப்பதிலும் ஒரு தடை இருந்தது. இந்தியச் சட்டத்தின் 118ஆம் பிரிவு, நெருங்கிய உறவினர் உள்ள கிறித்தவர் சமயப்பணிக்கும் அறத்துக்கும் எழுதும் உயில், இறப்பதற்கு ஓராண்டு முன்னரே எழுதி, ஆறு திங்களுக்குள் பதிவு அலுவலகத்தில் வைக்கப்பட்டாலன்றிச் செல்லாது என்றது. மரணப்படுக்கையில் குருமார் வற்புறுத்திப் பறித்துவிடுவர் என்ற அச்சமே இதன் பிறப்பு. பிற சமயத்தார்க்கு இல்லாத இத்தடையை 2003இல் உச்சநீதிமன்றம் செல்லாதென நீக்கியது.

உயில் எழுதுமளவு பொருள் இல்லாதோரோ இச்சட்டத்திற்காகக் காத்திருக்கவில்லை. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் இட்டு, வார முடிவில் கோயிலுக்குக் கொண்டுசெல்லும் வழக்கம் தென்னாட்டுச் சபைகளில் வேரூன்றியது. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா, 1903இல் திருநெல்வேலி இந்திய மிசனெரி சங்கத்தைத் தொடங்கியோருள் முதன்மையானவர். வெளிநாட்டார் பணத்தை நாடாமல் உள்ளூர்க் காணிக்கையாலேயே தெலுங்கு நாட்டுக்கு ஆட்களை அனுப்பிற்று அச்சங்கம். 1912இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக உயர்ந்தபின்னும், காணிக்கை கொடுத்தல் பற்றித் தனிநூலே எழுதினார். வறியவனும் கொடுக்கக் கற்றாலன்றிச் சபை தன் காலில் நில்லாது என்பது அவர் உறுதி. கைப்பிடி அரிசியைக் கலயத்தில் இடும் தாயைப் பார்த்து வளரும் பிள்ளைக்குப் பாடம் வேறு வேண்டுவதில்லை. இவ்வழக்கில் தாயம் மகனுக்கு மட்டும் என்ற பேச்சே எழவில்லை. அடுப்பங்கரையில் தாயின் அருகே நின்றவள் மகளே.

மலாயாத் தோட்டங்களுக்கு வந்தோர்க்கு விட்டுச்செல்லத்தக்க நிலம் இல்லை. லயத்து வீடு நிறுவனத்தினுடையது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 1951இல் ஊழியர் சேமநிதி ஏற்பட்ட பின்னரே, பால்மரம் சீவியவன் தன் மக்களுக்கென ஒரு தொகையைப் பெயர்குறித்து வைக்க முடிந்தது. நியமனப் படிவத்தில் எழுதப்படும் அப்பெயர்தான் அவனுடைய மரண சாசனம். 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிக வட்டாரம் திறக்கப்பட்டு, பெண்மக்களும் தொழிற்சாலைக்குச் சென்று ஊதியம் பெறத் தொடங்கியபின், அதே படிவத்தை மகளும் தன் கையால் நிரப்பலானாள்.